பட்டுக் கழிவில் ஒரு நெஞ்சு

என் மார்பில் இடது பக்கத்துத் தசை பிறவியிலேயே கிடையாது. வலது பக்கம் எல்லோருக்கும் இருப்பதுபோல இருக்கும். இடது பக்கம் தோல், தோலுக்கு அடியில் விலா எலும்பு, அவ்வளவுதான். கையைத் தூக்கினால் அக்குளுக்கு முன்னால் விழவேண்டிய மடிப்புகூட விழாது. காம்பு சின்னதாகக் கொஞ்சம் மேலேறி, வழி தவறி வந்த விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கும். வலி உண்டா என்றால் இல்லை. தறியில் உட்கார்ந்தால் மற்றவர்களைப் போலத்தான் நாடா எறிவேன், மற்றவர்களைவிட ஒரு பிடி அதிகமாகவே சாப்பிடுவேன். ஆனால் சட்டை போடாத ஊரில் பிறந்து தொலைத்தேன், அதுதான் சங்கடம்.

காஞ்சிபுரத்தில் அந்தக் காலத்தில் ஆண்பிள்ளை சட்டையோடு இருக்கிற நேரம் ரொம்பக் குறைவு. தறிக்குழியில் புழுக்கம், சட்டை ஆகாது. கோயிலுக்குள் ஆகாது. குளத்தில் ஆகாது. பந்தியில் உட்கார்ந்தால் பெரிய மனிதர்களே வெற்றுடம்போடு உட்கார்ந்திருப்பார்கள், நான் மட்டும் சட்டையோடு போனால் கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தாவா என்று கேட்பார்கள். என் மானத்தைக் காத்தது ஒரு துண்டு. அதை இடது தோளிலிருந்து கீழே இழுத்துப் போர்த்திவிடுவது அம்மாவின் வேலை. எனக்கு மீசை வந்த பிறகும் நான் வாசற்படி தாண்டுவதற்குள் அவள் கை வந்து துண்டைச் சரி செய்துவிடும்.

அம்மாவுக்கு ஒரு காரணம் இருந்தது. நான் வயிற்றில் இருந்தபோது ஒரு சூரிய கிரகணம் வந்ததாம். கல்யாணச் சேலை ஒன்றை முகூர்த்தத்துக்குள் அறுத்துக் கொடுக்க வேண்டும் என்று அப்பா பறந்துகொண்டிருக்க, சேலைக் கரைக்கு நாடா எறிந்து கை கொடுக்கிற ஆள் வராமல், அம்மாவே தறியில் உட்கார்ந்துவிட்டாள். கிரகணம் பிடித்து விட்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை. நான் பிறந்து முதல் தடவை குளிப்பாட்டியபோது என் நெஞ்சைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்துவிட்டது என்பாள். இதை அவள் தெருவில் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. என்னிடம் மட்டும், அதுவும் கோபம் வந்தால், “உனக்காக இத்தினி வருசமா மறைச்சிக்கினு இருக்கேன், தெரியுதாடா உனக்கு” என்பாள். மறைத்தது எனக்காகவா அவளுக்காகவா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் சோறு கிடைக்காது.

இந்த ஏற்பாடு எனக்கு இருபது வயது தாண்டும்வரை நன்றாகவே ஓடியது. குழப்பம் மாசி மகத்தால் வந்தது.

எங்கள் தெருவுக்கென்று சின்னதாக ஒரு முருகன் கோயில் உண்டு. மாசி மகத்தன்று முருகனைப் பல்லக்கில் ஏற்றி, செவிலிமேட்டுக்கு அந்தப் பக்கம் பாலாற்றுக்குக் கொண்டுபோய்த் தீர்த்தவாரி நடத்தி அழைத்து வருவோம். கூலிக்கு ஆள் வைக்கிற பழக்கம் கிடையாது. வீட்டுக்கு ஒரு தோள். தண்டில் எந்த வீட்டுக்கு எந்த இடம் என்பது பாட்டன் காலத்திலேயே முடிவான விஷயம். எங்கள் வீட்டுக்கு இடது தண்டில் முன்வரிசை. ஒரு மகத்துக்கு ஒரு வீட்டிலிருந்து தோள் வரவில்லை என்றால் அந்த இடம் வேறு வீட்டுக்குப் போய்விடும். போனால் போனதுதான். எதிர்வீட்டில் மூன்று பிள்ளைகள், மூன்றும் உரல் மாதிரி. இடத்துக்காக அவர்கள் காத்திருந்தார்கள் என்று சொன்னால் பாவம், நல்ல மனிதர்கள். ஆனால் காத்திருக்கவில்லை என்றும் சொல்ல முடியாது.

அந்த வருடத்து மகத்தில் ஆற்று மணலில் அப்பாவின் முட்டி மடங்கிவிட்டது. தறிமிதியை வாழ்நாளெல்லாம் மிதித்த முட்டி, இனி முடியாது என்று அங்கேதான் சொல்லவேண்டுமா. பல்லக்கு ஒரு பக்கம் சாய, பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டே அப்பா சொன்னார்: “அடுத்த மகத்துக்கு நீதான்டா தூக்கணும்.” அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா வெளியே வரவில்லை.

அவள் பயம் எனக்குப் புரிந்தது. சாமி தூக்குகிறவன் இடுப்புக்கு மேல் எதுவும் போடக் கூடாது. துண்டை மடித்துத் தோளில் தண்டுக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கத்தில் குறை உள்ளவன் சாமி தண்டைத் தொடக் கூடாது என்று ஒரு பேச்சும் ஊரில் உண்டு. தெரு முழுக்கப் பார்க்கும். பார்த்தால் கேட்கும். இடமும் போகும், அம்மா மூடி வைத்ததும் திறந்துபோகும். என் கவலை வேறு. இடம் என்னால் போய்விட்டது என்று அப்பா என்னைப் பார்க்கிற ஒரு பார்வையை நான் முன்கூட்டியே கற்பனை செய்து வைத்திருந்தேன். அது எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே கசரத்துக் கூடத்தில் சேர்ந்தேன். ஒரு வருடம் இருக்கிறது, அதற்குள் நெஞ்சை வளர்த்துவிட்டால் போயிற்று என்பது திட்டம்.

கூடம் ஒரு புளியந்தோப்புக்குள் கீற்றுக் கொட்டகையில் இருந்தது. நடத்தியவர் ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பத்து வஸ்தாது. உடம்பெல்லாம் தசை, மனசெல்லாம் பாதாம் பருப்பு. எந்த நோய்க்கும் அவரிடம் இருந்த மருந்து பாதாம்தான். முதல் நாள் என் துண்டை விலக்கிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர்கள் எட்டிப் பார்த்ததும் அவர்களை விரட்டினார்.

“தூங்கிக்கினு இருக்குதுப்பா” என்றார். “எழுப்பிடலாம். பாதாம் சாப்பிடு, முட்டை சாப்பிடு, தண்டால் எடு.”

முட்டை என்று நான் வீட்டில் சொன்னதும் அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். பாதாம் வாங்குகிற வசதி இல்லை. ஊறவைத்த கொண்டைக்கடலையில் முடிந்தது. விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டுவதற்கு முன்னால் போய்த் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை எல்லாம் செய்துவிட்டு வருவேன். பஸ்கியில் என்னை யாரும் மிஞ்ச முடியவில்லை, தறிக்குழியில் கால் பழகினவன். கர்லாவும் சுமாராக வந்தது. தண்டாலில்தான் மானம் போயிற்று. கைகளை அகல ஊன்றி இறங்குவேன். வலது கை ஏற்றும், இடது கை ஏற்றாது. ஒரு பக்கச் சக்கரம் கழன்ற வண்டி மாதிரி சாய்ந்து மண்ணில் முகத்தை வைப்பேன். வஸ்தாது மேலே நின்று, “எழுந்திருச்சிடும், எழுந்திருச்சிடும்” என்பார். என்னைச் சொல்கிறாரா தூங்குகிற தசையைச் சொல்கிறாரா என்று தெரியாது.

ஆடி போய் ஆவணி வந்தது. நெஞ்சும் வந்தது, வலது பக்கம். உழைப்பை இடது பக்கத்துக்குக் கொடுக்க, கூலியை வலது பக்கம் வாங்கிக்கொண்டது. முன்பாவது இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் லேசாகத் தெரியும். இப்போது பனியன் போட்டால் ஒரு பக்கம் முட்டிக்கொண்டும் மறுபக்கம் தொங்கிக்கொண்டும் நின்றது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, “நீ கசரத்து பண்ணாம இருந்தாலே தேவலாம்மா” என்றாள். கோபம் உச்சிக்கு ஏறினால்தான் அவள் என்னை அம்மா போட்டுப் பேசுவாள்.

அந்த வலது தோளும் ஒருநாள் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் வலித்த தோளைப் பார்த்ததைவிட வலிக்காத நெஞ்சைத்தான் அதிக நேரம் பார்த்தார். கையை இடுப்பில் வைத்து அழுத்தச் சொன்னார், விரலால் தடவினார்.

“இங்க ஒரு சதை இருக்கணும். உனக்கு அது உருவாகவே இல்ல” என்றார். “சிலர் இப்படிப் பொறக்கிறாங்க. யார் தப்பும் இல்ல. இல்லாததை எப்படிப்பா வளர்ப்பே?”

எனக்கு ஒரே நேரத்தில் அழுகையும் வந்தது, தலையிலிருந்து மூட்டையை இறக்கின மாதிரியும் இருந்தது. தூங்குவதை எழுப்பலாம், இல்லாததை எங்கே போய் எழுப்புவது. அத்தனை கொண்டைக்கடலை வீண். வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம், யார் தப்பும் இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்றேன். அவள் நூல் சுற்றுவதை நிறுத்தவில்லை.

“டாக்டருக்குக் கிரகணத்தப் பத்தி இன்னா தெரியும்” என்றாள்.

இனி கூடத்துக்குப் போவதா வேண்டாமா என்று யோசித்தபடியே மறுநாள் தறியில் உட்கார்ந்திருந்தேன். நாடாவை எறிந்து, பலகையை இழுத்து அடிக்கும்போது என் கையையே பார்த்தேன். நெசவு செய்கிறவன் முழங்கையை அகலமாக வைப்பதில்லை. விலாவோடு ஒட்டித்தான் வைப்பான், இல்லாவிட்டால் தறிச்சட்டத்தில் இடிக்கும். அப்படி ஒட்டி வைத்து நான் நாளெல்லாம் அடிக்கிறேன், இடது கை ஒரு நாளும் தளர்ந்ததில்லை. பிறகு ஏன் தண்டாலுக்கு மட்டும் பருந்து மாதிரி கையை விரிக்கிறேன்?

தறியை விட்டு எழுந்து, அங்கேயே தரையில் கையை விலாவுக்குப் பக்கத்தில் ஊன்றி இறங்கினேன். ஏறினேன். மறுபடி இறங்கி ஏறினேன். சாயவில்லை. அப்பா எட்டிப் பார்த்து, “பாவு அறுந்துடுச்சா, கீழே இன்னா தேடறே?” என்றார்.

அதிலிருந்து நான் நெஞ்சை மறந்தேன். தோள், முதுகு, கையின் பின்பக்கம், தொடை, இவை என்னிடம் இருந்தன, இவற்றை வளர்த்தேன். தண்டு உட்காருவது தோளில், நடப்பது காலில். பல்லக்கை இறக்குகிற நேரம்தான் எனக்குச் சோதனை. தோளிலிருந்து தண்டை இரண்டு கையிலும் வாங்கி மெல்லத் தாழ்த்த வேண்டும், அங்கே எல்லோருக்கும் நெஞ்சு கைகொடுக்கும். நான் முழங்கையை விலாவில் ஒட்டி, இடுப்பைத் தாழ்த்தி, பாரத்தைத் தொடையில் வாங்கப் பழகினேன். கூடத்தில் நெல் மூட்டையைக் கட்டையில் கட்டித் தூக்கி இறக்கிப் பார்த்தேன். வஸ்தாது இதை ரசிக்கவில்லை. ஆனால் மூட்டை இறங்கியது. “பேஷ், பாதாம் சாப்பிட்டிருந்தா இன்னும் நல்லா எறங்கியிருக்கும்” என்றார்.

தூக்க வருமா என்ற கேள்வி போய்விட்டது. பார்க்கப்படலாமா என்ற கேள்விதான் பாக்கி.

மகத்துக்கு முன்னால் ஒரு நாள் ஒத்திகை. சாமி இல்லாத பல்லக்கில் பாரத்துக்கு அம்மிக்கல் ஏற்றுவோம். வீட்டுக்கு ஒரு தோள் மாதிரியே வீட்டுக்கு ஒரு அம்மி. அன்றைக்குத் தெருவில் ஒரு வீட்டிலும் துவையல் கிடையாது. தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்து, அம்மி சரியாமல் இறக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் புதுத் தோளைச் சேர்த்துக்கொள்வார்கள். ஒத்திகைக்குப் பனியன் போடலாம்.

இங்கேதான் அம்மா மூளையை ஓட்டினாள். ஒத்திகையில் தேறிவிட்டால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி, மகத்தன்று சந்தனத்தை அப்பி, பெரிய மாலையாகப் போட்டு மறைத்துக்கொள்ளலாம் என்றாள். பனியனுக்கு உள்பக்கம் பை தைத்து, பட்டுக் கழிவை அடைத்து, வலது பக்கத்துக்குச் சரியாக எனக்கு ஒரு இடது நெஞ்சு செய்துவிட்டாள். வேலையில் குறை சொல்ல முடியாது. அழுத்தினால் தசை மாதிரியே அமுங்கும். வெள்ளைக் கழிவு வீட்டில் தீர்ந்துபோயிருந்ததால், சாயம் சரியாகப் பிடிக்காமல் ஒதுக்கின அரக்குச் சிவப்பு நூலை அடைத்திருந்தாள். அது தண்ணீர் பட்டால் சாயம் விடும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும், நாங்கள் பட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். வேர்வையும் தண்ணீர்தான் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை.

ஒத்திகைக்குத் தலைமை தெருவின் சாயக்காரர். அப்பாவுக்குப் பின்னால் வருடக்கணக்காகத் தண்டு பிடித்தவர். கை இரண்டும் முழங்கை வரை எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். இடது காது கேட்காது, அதனால் எல்லோரும் செவிடு என்று நினைத்துக் கத்துவார். எதிர்வீட்டு மூத்த பிள்ளை எனக்கு நேர் வலது தண்டில். அப்பா ஒரு முக்காலியில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அம்மா கதவுக்குப் பின்னால்.

தூக்கினோம். தண்டு தோளில் உட்கார்ந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வேறு வார்த்தை இல்லை. கால் சேர்ந்து விழுந்தது. “தோள் மாத்து” என்று சாயக்காரர் கத்த, தோள் மாற்றினோம், அதிலும் நான் தடுமாறவில்லை. வெயில் ஏறியது. தெருக்கோடியில் திரும்பும்போது எதிர்வீட்டுப் பிள்ளை என்னைப் பார்த்தான், முகம் வெளுத்தது.

“அண்ணே, இவனுக்கு நெஞ்சு வெடிச்சிடுச்சு” என்றான்.

குனிந்து பார்த்தேன். பனியனின் இடது பக்கம் மார்பிலிருந்து இடுப்பு வரைக்கும் சிவப்பு. வேட்டியிலும் இறங்கிக்கொண்டிருந்தது. பல்லக்கை நிறுத்தி, தண்டுக்கு முட்டுக் கொடுக்கிற ஆயக்காலைக் கொடுத்து, ஆளாளுக்கு என்னைப் பிடித்தார்கள். ஒருவர் என்னைப் படுக்க வைக்கப் பார்த்தார். இன்னொருவர் பேசாதே பேசாதே என்றார், நான் பேசவே இல்லை. யாரோ பனியனைக் கிழிக்க, நெஞ்சு தெருவில் விழுந்தது.

சாயக்காரர் குனிந்து அந்த ஈர உருண்டையை எடுத்தார். பிழிந்தார். விரலைப் பார்த்தார். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“இது ஐப்பசியில மழையில நான் போட்ட அரக்கு” என்று கத்தினார். “புடிக்கலன்னு அன்னிக்கே சொன்னேன். நெய்யாதீங்கன்னு சொன்னேன். இது என் சாயம்னு வெளியில யாரும் சொல்லக் கூடாது, ஆமா.”

முதலில் சிரித்தது எதிர்வீட்டுப் பிள்ளைதான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் கை தானாகத் துண்டைத் தேடியது. துண்டு மடித்துத் தோளில் கிடந்தது. அப்போது பின்வரிசையில் ஒருவர், மெதுவாக, பயபக்தியோடு, அங்கக் குறை இருக்கிறவன் சாமி தண்டைத் தொடலாமா என்று கேட்டார். சிரிப்பு நின்றது. கதவுக்குப் பின்னால் அம்மா நின்ற இடம் என்னிடமிருந்து வெகு தூரம், ஆனாலும் அவளுக்கு அது கேட்டது என்றே எனக்குப் பட்டது.

சாயக்காரருக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். இரண்டாம் தடவை அதைக் கேட்டவர் எல்லோர் காதிலும் விழும்படி கத்த வேண்டியதாயிற்று. கத்திச் சொன்னபோது அவருக்கே அது நன்றாக இல்லை.

“கொறையா?” என்றார் சாயக்காரர். “எனக்குக் காது இல்ல. உனக்கு வெரல்ல ஒண்ண தறி தின்னுடுச்சு. இவங்க நைனாவுக்கு முட்டி இல்ல. அந்தக் கணக்குப் பாத்தா சாமி நடந்துதான்பா ஆத்துக்குப் போவணும்.” பிறகு என்னைப் பார்த்து, “தூக்கிக்கினு வந்தே. எறக்கிக் காட்டு. துண்டத் தோள்ல வை” என்றார்.

திரும்பி வந்தோம், நான் வெற்றுடம்போடு. இரண்டு பக்கமும் ஜனங்கள். பார்த்தார்கள், கண் போய் நின்ற இடம் எனக்குத் தெரிந்தது. எங்கள் வாசலைத் தாண்டும்போது கதவு மூடியிருந்தது. அதுதான் வலித்தது, மற்றதெல்லாம் கூச்சம்தான். கோயில் முன்னால் சாயக்காரர் குரல் கொடுக்க, முழங்கையை விலாவில் ஒட்டி, இடுப்பைத் தாழ்த்தி, தண்டை வாங்கினேன். அம்மிகளில் ஒன்று அசைந்தது, சரியவில்லை. பல்லக்கு கோயில் வாசல் கல்மேடைமேல் உட்கார்ந்தது. சாயக்காரர் தள்ளி எங்கள் வாசலில் இருந்த அப்பாவைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அப்பா முக்காலியில் இருந்து எழுந்திருக்க முயன்று, முட்டி ஞாபகம் வந்து, மறுபடி உட்கார்ந்தார்.

இடம் தங்கியது. அம்மா மட்டும் அந்த வாரம் முழுக்கக் குழாயடிக்குப் போகவில்லை, நூல் சுற்றப் பக்கத்து வீட்டுக்கும் போகவில்லை. சந்தனம் பற்றியும் மாலை பற்றியும் பேசவில்லை. மகத்தன்று விடியற்காலை நான் கிளம்பியபோது அவள் கை வரவில்லை. வாசற்படியில் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனேன்.

பாலாற்றில் மணல்தான் ஆறு, நடுவில் மட்டும் ஒரு ஓடை மாதிரித் தண்ணீர். மணலில் கால் புதையப் புதைய நடந்து போய் இறக்கினோம். முருகன் குளித்தார். சின்ன காஞ்சிபுரத்திலிருந்தும் திருப்புட்குழிப் பக்கத்திலிருந்தும் வந்திருந்த கூட்டம் தண்ணீரில் இறங்கியது. நான் வேர்த்து வடிந்துகொண்டு கரையில் நின்றேன்.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் என் பழைய துண்டு. சரி, போர்த்த வந்துவிட்டாள் என்று நினைத்து, சின்னப் பிள்ளை மாதிரி இடது தோளைச் சாய்த்துக் கொடுத்தேன். அவள் போர்த்தவில்லை. முகத்தைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள். பிறகு, என்னைக் குளிப்பாட்டின நாட்களுக்கு அப்புறம் அவள் கை படாத அந்த இடது நெஞ்சை, அவசரமில்லாமல், ஊர் பார்க்கத் துடைத்தாள். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அசலூர்க்காரி, “இன்னாமா, புள்ளைக்கு இங்க இப்படி இருக்குது?” என்றாள்.

“இவன் வயித்துல இருக்கசொல்லோ கிரகணத்துல தறியில உக்காந்துட்டேன்” என்றாள் அம்மா. “டாக்டரு அதெல்லாம் இல்லன்றாரு.”

சொல்லிவிட்டு வெயிலுக்குத் துண்டைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, மற்றப் பெண்களோடு பேசிக்கொண்டே முன்னால் நடந்தாள். நான் போர்த்திக்கொள்ளத் துண்டில்லாமல் வீடு வந்து சேர்ந்தேன்.